நாற்பத்தேழாவது வரி

தரை குளிர்கிறது. முதலில் அதுதான் தெரிகிறது. நாற்பத்திரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகுதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டர் லேபுக்குள் வர வேண்டும், தூசி வந்தால் மெஷின் கெட்டுவிடும் என்று முதல் வருடத்திலிருந்து சொல்கிறார்கள், மூன்றாம் வருடத்திலும் பாதி மெஷின் கெட்டுத்தான் கிடக்கிறது, நாங்கள் மட்டும் வெறுங்காலோடு நிற்கிறோம். புரொஜெக்டர் வெளிச்சம் என் இடது தோளில் விழுகிறது. ஒரு அடி தள்ளி நின்றால் விழாது, ஆனால் ஒரு அடி தள்ளினால் மேடத்தின் மேஜைக்கு மிக அருகில் போய்விடுவேன், அதனால் என் புரோகிராமின் முதல் சில எழுத்துகளைத் தோளில் சுமந்துகொண்டு நிற்கிறேன். இங்கிலீஷில் எழுதினால் ஜுலைகா என்ற என் பெயர் கடைசி எழுத்தில் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே நான்தான் கடைசி. தடுப்பூசிக்கு வரிசையில் நின்றபோதும் கடைசி. மற்றவர்கள் போட்டுக்கொண்டு அழுது முடித்துச் சிரிக்க ஆரம்பித்த பிறகும் எனக்கு மட்டும் பயம் பாக்கி இருக்கும். மூன்று மூன்று பேராகப் பிரித்தபோது பதினான்கு குழு வந்து நான் மிச்சமானேன். “நீ தனியா செய்யம்மா, உன்னால முடியும்” என்றார் சண்முகவடிவு மேடம், அது நம்பிக்கையா, வகுத்தலில் வந்த மீதியா என்று இரண்டு நாள் யோசித்தேன். எல்லோருக்கும் ஒரே வேலைதான். பரீட்சை ஹாலில் யார் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கம்ப்யூட்டரே முடிவு செய்ய வேண்டும், ஒரே டிபார்ட்மெண்ட் ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. எப்படிச் செய்தாலும் சரி, ஆனால் சொந்தமாகச் செய்ய வேண்டும், செய்ததைத் திரையில் போட்டு வகுப்புக்கு வரி வரியாகச் சொல்ல வேண்டும். இருபது மார்க். “சொல்லத் தெரியலன்னா நீ எழுதலன்னு அர்த்தம்” என்று மதியம் ஆரம்பிக்கும்போதே மேடம் சொன்னார். “காப்பி அடிச்சவங்களுக்கும் முட்டை, காப்பி அடிக்கக் குடுத்தவங்களுக்கும் முட்டை. தருமம் பண்ணுதவங்க கோயில் வாசல்ல பண்ணுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும் என்பதால்.

ஃபைல் திறந்துவிட்டது. நூற்றுப்பன்னிரண்டு வரிகள், திரையில் ஒரு நேரத்துக்கு இருபத்திரண்டு வரிகள்தான் தெரியும், நாற்பத்தேழு இன்னும் கீழே இருக்கிறது, மூன்றாவது திரையில். நான் உருட்டினால்தான் அது வரும். உருட்டாமலே இருந்தால்? “ஆரம்பிம்மா” என்கிறார் மேடம், பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டு. ஆரம்பிக்கிறேன். முதல் வரி, மாணவர் பட்டியலைப் படிக்கிறது. இரண்டாவது வரி, எத்தனை டிபார்ட்மெண்ட் என்று எண்ணுகிறது. என் குரல் எனக்கே பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. “கேக்கல” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, வேறு யாரோ “அன்மியூட் பண்ணச் சொல்லுல” என்கிறார்கள், மெதுவாகத்தான், மேடத்துக்குக் கேட்காத அளவுக்கும் எனக்குக் கேட்கிற அளவுக்கும் சரியாக அளந்து. இப்போது நாற்பத்தேழைப் பற்றி நினைக்கக்கூடாது, மூன்றாவது வரியைப் பற்றி மட்டும் நினைக்க வேண்டும், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஐந்தாவது குழு வந்து இதே இடத்தில் நின்றது, இசக்கிராஜா நின்றான், கையை ஆட்டி ஆட்டிப் பேசினான், அவன் காலில் இடது சாக்ஸ் நீலம், வலது கறுப்பு. அவனுடைய புரோகிராம் திரையில் உருண்டபோது நான் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தேன். என்னுடையது. பெயர்களை மாற்றியிருந்தார்கள், நான் வரிசை என்று வைத்ததை அவன் ரோ என்று வைத்திருந்தான், வரிகளுக்கு இடையில் நான் விடுகிற இடைவெளியைக்கூட மாற்றியிருந்தார்கள், ஆனால் வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் ஜன்னல் அதே இடத்தில்தானே இருக்கும். அப்புறம் அந்த வரி வந்தது. இடம் பதினேழு என்றால் யாரையும் வைக்காமல் அடுத்த இடத்துக்குப் போ. மேடம் பேனாவை நிறுத்தினார். “பதினேழ ஏன் விடுதீங்க?” இசக்கிராஜா திரையைப் பார்த்தான், அந்த வரியை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது, கண்ணிமைக்கிற நேரம்தான், உடனே சொன்னான், “செக்யூரிட்டிக்காக மேடம்.” “யாருக்குப்பா செக்யூரிட்டி, பெஞ்சுக்கா?” லேபே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். எவ்வளவு சுலபம். பிறகு ஒன்பதாவது குழு, பெனினா. அவள் திரையிலும் பதினேழு. இந்த முறை மேடம் சிரிக்கவில்லை. பெனினா தடுமாறவே இல்லை, “ஹால்ல ஒரு பெஞ்ச் உடைஞ்சிருந்தா அதுக்கு ஒரு ஏற்பாடு மேடம், பதினேழுங்கது சும்மா உதாரணம்” என்றாள், அது அவ்வளவு நல்ல பதிலாக இருந்தது, ஒரு நொடி நானே நம்பினேன், நான் ஏன் அப்படி யோசிக்கவில்லை என்றுகூடத் தோன்றியது. மேடம் ஒரு துண்டுத் தாளில் ஐந்து என்று எழுதி, அதன் கீழே ஒன்பது என்று எழுதி, நிமிர்ந்தார். “இன்னும் யார்கிட்டயாவது பதினேழு இருக்கா? இருந்தா இப்பமே சொல்லிருங்க.” நான் என் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழிக்கவும் முடியாது, காலையிலேயே எல்லோரும் ஃபைலை மேடத்தின் மெஷினில் ஏற்றியாகிவிட்டது. ஒரே ஒரு வரி. அழிக்கிற பொத்தானை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் போதும். அந்த இரண்டு நொடி நேற்று வரைக்கும் என் கையில் இருந்தது, போன வாரம் முழுக்க இருந்தது, அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை, வீட்டில் மாட்டியிருக்கிற காலண்டரைப் போலப் பழகிவிட்டது.

ஒன்பதாவது வரி, காலி இடங்களின் பட்டியல். சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன், மேடம் தலையாட்டுகிறார். பெனினா இரண்டாவது வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள், ஸ்கேலால் ரெக்கார்டு நோட்டில் கோடு போடுகிறாள், கோடு போட அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாகக் காலேஜ் பஸ்ஸில் பக்கத்து சீட். கேண்டீனில் அவள்தான் “அண்ணே, ஜுலைக்கு ஒரு லெமன் டீ, சீனி கம்மி” என்று எனக்கும் சேர்த்துச் சொல்வாள், மேலப்பாளையம் திருப்பத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்வதும் அவள்தான், நான் கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன், டிரைவர் கண்ணாடியில் பார்க்க மாட்டாரா என்று நிற்பேன், பின்னாலிருந்து அவள் குரல் வரும், “ஏண்ணே, எறங்க ஆளு இருக்கு.” எனக்கு வாய் அவள். அவள் கேட்டபோது மறுக்கத் தோன்றவில்லை. “ஏட்டி, எப்படிச் செஞ்சிருக்கன்னு ஒரு பார்வ பாத்துட்டுத் தாரேன். எங்க டீம்ல ரெண்டும் தடியனுவ, ஒண்ணும் செய்ய மாட்டானுவ.” பென்டிரைவைக் கொடுத்தேன். மறுநாள் திருப்பிக் கொடுத்தாள், அதன் மூடியில் ஒரு பால்கோவா காகிதத்தைச் சுற்றி. அவளிடமிருந்து இசக்கிராஜாவுக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை, அவள் யாரிடமும் முடியாது என்று சொல்வதில்லை, என்னிடமும் சொன்னதில்லை. சொல்லப்போனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வியாதிக்காரர்கள்தான், அவள் பேசிக்கொண்டே செய்கிறாள், நான் பேசாமல் செய்கிறேன். ஆனால் பதினேழை அவள் அப்படியே விட்டுவிட்டாளே. எல்லாவற்றையும் மாற்றியவள் அதை மட்டும் ஏன் தொடவில்லை? என் மேல் இருந்த நம்பிக்கைதான். ஜுலை ஒரு வரி எழுதினால் அதில் காரணம் இருக்கும், எடுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்திருப்பாள். வகுப்பில் எல்லோருக்குமே அந்தப் பழக்கம்தான், சீனியரிடமிருந்து வந்த புரோகிராமில் புரியாத வரிக்குத்தான் மரியாதை அதிகம். புரிகிற வரியை மாற்றுவார்கள், புரியாத வரியை அப்படியே வைத்துக்கொள்வார்கள்.

இருபத்திரண்டு முடிந்துவிட்டது, உருட்டுகிறேன், இரண்டாவது திரை. முதல் வருடம் கொஞ்ச நாள் வகுப்பு ஆன்லைனில் நடந்தது. போனில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள், என் கட்டத்தில் முகம் இருக்காது, பெயரின் முதல் எழுத்து மட்டும், அதன் ஓரத்தில் குறுக்கே கோடு போட்ட மைக். வருகைப்பதிவு எடுக்கும்போது சார் கூப்பிடுவார், நான் பொத்தானை அழுத்துவேன், அழுத்திவிட்டு யெஸ் சார் என்று சொல்வதற்குள் வீட்டுச் சத்தம் ஞாபகம் வரும், உம்மா குக்கரை இறக்குவது, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓதுவது, தெருவில் மீன்காரர், இதெல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் போய்விடும் என்று திரும்பவும் அழுத்தி அடைத்துவிடுவேன். “ஜுலைகா, அன்மியூட் பண்ணும்மா. ஜுலைகா. சரி, ஆப்சென்ட்.” அப்படியே பெயர் வந்துவிட்டது. மியூட். காலேஜ் திறந்து எல்லோரும் நேரில் பார்த்தபோது என் முகம் தெரியாதவர்களுக்கும் பெயர் தெரிந்திருந்தது. கோபத்தில் வைத்த பெயர் இல்லை, பென்சில் இருக்கா மியூட், தள்ளி உட்காரு மியூட் என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டார்கள், அதனால் கோபப்படவும் வழி இல்லை. நாலாவது செமஸ்டர் கணக்குப் பரீட்சைக்கு மூன்றாவது மாடி டிராயிங் ஹாலில் போட்டிருந்தார்கள். பதினேழாவது இடம். கேள்வித்தாள் கொடுக்கும் முன் குனிந்து பேனா எடுத்து நிமிர்ந்தபோது பெஞ்சில் பார்த்தேன். காம்பஸ் முனையால் ஆழமாகக் கீறியிருந்தது. குறுக்கே கோடு போட்ட மைக். நன்றாகவே வரைந்திருந்தான், அல்லது வரைந்திருந்தாள், மைக்கின் வலைக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள்கூட. கீழே நாற்பத்து மூன்று, என் ரோல் நம்பர். மூன்று மணி நேரம் அதன் மேல் பேப்பரை வைத்து எழுதினேன். பேனா முனை அந்தப் பள்ளத்தில் விழுந்து விழுந்து, என் தொகையீட்டுக் கணக்குகள் எல்லாம் நடுவில் ஒரு இடத்தில் உடைந்து உடைந்து போயின. முடிந்து எழுந்தபோது ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன், மரத்தில் இருப்பது ரப்பருக்குப் போகுமா. மறுநாள் அந்த இடத்தில் மெக்கானிக்கல்காரர் யாரோ உட்கார்ந்திருப்பார், அதற்கு மறுநாள் வேறு யாரோ, ஒவ்வொருவரும் மூன்று மணி நேரம். பெயர் தெரியாத ஆட்கள், என் நம்பர் மட்டும் தெரியும். இந்த வருடம் மேடம் இந்த வேலையைக் கொடுத்தபோது வீட்டில் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினேன், முதல்முறை அது சரியாக ஓடி, அறுபது இடங்களிலும் பெயர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, பதினேழில் ஒரு பெயர் இருந்தது. நான் பட்டியலுக்காகச் சும்மா கற்பனையாக வைத்த பெயர். அப்படி ஓர் ஆளே கிடையாது. ஆனாலும் அந்த ஆள் குனிந்து பார்ப்பதைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த வரியை எழுதினேன். திரும்ப ஓட்டினேன். பதினேழு காலி. யாரும் உட்காரவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சமர்ப்பிக்கும் முன் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. இது முக்கியமான இடம், எனக்குப் பிடித்த இடமும்கூட, ஆனால் பிடித்த மாதிரிச் சொல்ல வரவில்லை. ஒரு இடத்துக்கு ஆளை எடுக்கும்போது இடது பக்கம் இருப்பவரின் டிபார்ட்மெண்டைப் பார்க்கிறது, ஒன்றாக இருந்தால் அந்த ஆளை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறது. எவ்வளவு மரியாதையான வேலை, யாரையும் தள்ளுவதில்லை, கொஞ்ச நேரம் கடைசியில் நில்லுங்கள் என்று மட்டும். நான் சொன்னது “டிபார்ட்மெண்ட் செக் பண்ணுது மேடம்” என்ற மூன்று சொல்தான். வாப்பா இருந்தால் எப்படிச் சொல்வார்? வண்ணார்பேட்டையில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் புடவையை விரித்து விரித்துப் பேசுகிறவர், வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார், எல்லாம் அங்கேயே செலவாகிவிடும். காப்பி அடித்தவர்களின் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும் என்று போன வருடம் ஹெச்ஓடி ஒரு பையனுக்குச் சொன்னார். வாப்பா இங்கே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இந்தக் குளிர்ந்த தரையில் நின்று, தன் மகள் அடுத்தவர் எழுதியதைத் திருடினாள் என்று கேட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நிற்பார். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. திரையின் அடியில் வந்துவிட்டது, இனி உருட்ட வேண்டும். மனதுக்குள் எல்லா வழியையும் போட்டுப் பார்க்கிறேன், போட்டுப் பார்த்ததையே திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். நான் எழுதவில்லை என்றால் காப்பி அடித்தவள், முட்டை. நான்தான் எழுதினேன் என்றால் கொடுத்தவள், முட்டை. தற்செயல் என்று சொன்னால் மூன்று பேருக்குப் பதினேழு தற்செயலாக வருமா, அதுவும் முட்டை. எங்கே திரும்பினாலும் அதே சுவர். அப்படியானால் பேசாமலே இருந்துவிடலாம், எல்லா வழியும் ஒரே இடத்துக்குப் போகும்போது எந்த வழியில் போனால் என்ன, பேசாமல் இருந்தால் பெனினாவாவது எனக்கு மிஞ்சுவாள், நாளைக்கும் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல ஆள் இருக்கும். வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் மேடமே உட்காரச் சொல்லிவிடுவார். ஆனால் அப்போது இது யாருடையதாக ஆகும்? ஐந்தாவதாக வந்தவனுடையதா? கடைசிக்கு அனுப்பித் திரும்பக் கூப்பிடுகிற அந்த யோசனை எனக்கு வந்தது குளிக்கும்போது, தலையில் ஷாம்பு நுரையோடு, மறந்துவிடுவேனோ என்று ஈரக்கையால் கண்ணாடியில் அம்புக்குறி போட்டேன். அது இசக்கிராஜாவின் தலையில் வந்ததாக இந்த நாற்பத்திரண்டு பேரும் வீட்டுக்குப் போவார்கள். மார்க்கைவிட அதுதான் உறுத்துகிறது, மார்க் போனால் மார்க்தான். என் விரல் சுட்டியின் சக்கரத்தில் இருக்கிறது. சக்கரத்தில் வியர்வை. உருட்டுகிறேன்.

யாரோ உஸ்ஸென்று மூச்சை விட்டார்கள். எனக்கு முன்னால் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். “இதுவும் பதினேழா” என்று இசக்கிராஜாவின் பக்கத்தில் இருந்து ஒரு குரல், பிறகு சிரிப்பு, பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துகொண்டார். அவர் காலிலும் செருப்பு இல்லை, பெருவிரலில் பழைய மருதாணி. “நாற்பத்தேழாவது வரி என்ன செய்யுது?” என்றார். “பதினேழாவது இடத்த விட்டுட்டுப் போகுது மேடம்.” “அது தெரியுது. ஏன்?” இப்போது சொல்லலாம், பெஞ்ச் உடைந்திருந்தால் ஒரு ஏற்பாடு என்று பெனினா சொன்னதையே சொல்லலாம், அது தயாராக நாக்கின் நுனியில் இருக்கிறது, அவள் எனக்காகச் செய்து வைத்த பதில் மாதிரி. “இது நான் எழுதினது மேடம்” என்றேன். “எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. பதினேழு ஏன்னு கேட்டேன்.” காதுக்குள் அடைத்த மாதிரி இருந்தது. என் குரலை நான் கேட்கவில்லை, தாடை அசைவதுதான் தெரிந்தது. “டிராயிங் ஹால்ல பதினேழாவது பெஞ்சுல கீறியிருக்கு மேடம். ஒரு மைக், குறுக்க கோடு போட்டு. கீழ என் நம்பர். நாற்பத்து மூணு. யாரும் அதுல உக்காந்து பாக்க வேண்டாம்னு அந்த வரிய எழுதினேன். அப்புறம் எடுக்க மறந்துட்டேன்.” யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவர்களுக்கும் எனக்கும் ஏதாவது செய்ய இருந்திருக்கும். அன்மியூட் என்று சொன்ன திசையில் யாரோ இருமினார்கள். மேடம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் ஸ்கார்ஃபின் ஊசியைப் பார்த்த மாதிரி இருந்தது, பிறகு மேஜையில் இருந்த துண்டுத் தாளைப் பார்த்தார். “அப்ப மத்த ரெண்டு டீம்ல எப்படி வந்துச்சு?” “நான் குடுத்தேன்.” “யார்ட்ட?” பெனினாவின் ஸ்கேல் நின்றுவிட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை, திரும்பாமலே தெரிந்தது. “அத அவங்க சொல்லட்டும் மேடம்” என்றேன். மேடம் காத்திருந்தார். ஏசி ஒருமுறை நின்று திரும்ப ஓட ஆரம்பித்தது. யாரும் எழவில்லை. நான் அவளை எழச் சொல்லிக் கேட்கவில்லை, ஆனால் அவள் எழுவாள் என்று எனக்குள் ஏதோ ஒன்று நின்றுகொண்டே இருந்தது, அது மெதுவாக உட்கார்ந்தது. மேடம் பேனாவைத் திறந்தார். “ரூல் என்னன்னு தெரியும்லா?” “தெரியும் மேடம்.” “தெரிஞ்சுதான் சொல்லுதியா?” “ஆமா மேடம்.” அவர் எழுதினார். மூன்று இடத்தில் எழுதினார், மூன்று முறையும் பேனா ஒரே மாதிரி வட்டமாகப் போனது, என்னுடையதுதான் கடைசி. “சரி, போய் உக்காரு” என்றார், கோபமாக இல்லை, சோர்வாக. எல்லாம் முடிந்துவிட்டது. நான்கு எட்டில் நாற்காலி. இரண்டு மணியிலிருந்து அந்த நாற்காலியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கால் அசையவில்லை. பயத்தில் இல்லை, அது வேறு மாதிரி இருக்கும், அது எனக்குத் தெரியும். “இன்னும் அறுபத்தஞ்சு வரி இருக்கு மேடம்” என்றேன்.

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தைந்து, பஸ் நாலு இருபதுக்கு. “மார்க் ஒண்ணும் மாறாது.” “பரவால்ல மேடம்.” என்ன நினைத்தாரோ, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, “சொல்லு” என்றார். நாற்பத்தெட்டைச் சொன்னேன். குரல் பெரிதாகிவிடவில்லை, அதே குரல்தான், பின்வரிசைக்கு எட்டுவதற்காக வாக்கியத்தின் முடிவில் கொஞ்சம் உடைந்தது, ஆனால் முப்பத்தொன்பதில் சொல்லாமல் விட்டதை இப்போது சொன்னேன், எதற்கு ஒருவரைக் கடைசிக்கு அனுப்புகிறேன், எதற்காக அவரை அங்கேயே விட்டுவிடாமல் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று. போர்டில் ஆறு கட்டம் போட்டு, சிவிலுக்கு ஒரு வட்டம், எங்களுக்கு ஒரு பெருக்கல் குறி என்று வைத்து, ஒவ்வொருவராக நகர்த்திக் காட்டினேன். பாதிப் பேர் பையை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கிராஜா மேஜையில் தலையைக் கவிழ்த்திருந்தான். எழுபதாவது வரி வந்தபோது எனக்கு முந்தைய குழுவிலிருந்த வானமாமலை கையைத் தூக்கினான். வகுப்பில் அவனும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவன் குடையை மடிக்கிற விதம் மட்டும் எனக்குத் தெரியும், அவ்வளவு ஒழுங்காக மடிப்பான். ஏதோ கேலியாகச் சொல்லப்போகிறான் என்று சாக்பீஸைக் கீழே வைத்தேன். “கடைசில மிச்சம் இருக்கறது எல்லாம் ஒரே டிபார்ட்மெண்டா இருந்தா என்ன ஆகும்?” என்றான். நான் போர்டைப் பார்த்தேன். “பத்து சிவில் மட்டும் மிச்சம், இடது பக்கம் இருக்கறவனும் சிவில்னு வச்சுக்கோ. முதல் ஆள கடைசிக்கு அனுப்புவ. அடுத்த ஆளும் சிவில், அவனயும் அனுப்புவ. அப்புறம்?” அப்புறம் அடுத்தவர், அவருக்கும் அடுத்தவர், பத்தாவது ஆளும் போய்விட்டால் திரும்ப முதல் ஆள் வந்து நிற்பார், அவரையும் கடைசிக்கு அனுப்பும், அது நிற்கவே நிற்காது, எல்லோரும் நடந்துகொண்டே இருப்பார்கள், ஒருவருக்கும் இடம் கிடைக்காது. நான் எல்லா டிபார்ட்மெண்டிலும் சமமான எண்ணிக்கை வைத்துத்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இசக்கிராஜாவுக்கும் பெனினாவுக்கும்கூட இதேபோலத்தான் நிற்காமல் ஓடும். “தெரியல” என்றேன். “நான் அத யோசிக்கல.” மேடம் ஏதோ சொன்னார், பஸ் என்ற சொல் காதில் விழுந்தது, நாற்காலிகள் இழுபட்டன, பெனினாவின் கொலுசு என்னைக் கடந்து வாசலுக்குப் போனது, நிற்கவில்லை, அது ஒரு இடத்தில் வலித்தது, ஆனால் நான் பத்து சிவில்காரர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரை எத்தனை முறை அனுப்பினோம் என்று எண்ணலாம். இல்லை, அது தாமதமாகத்தான் தெரியவரும். நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விடலாமா, அறுபது பேருக்கு அறுபது இடம்தான் என்றால் எங்கிருந்து விடுவது. ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற ஒருவரை எழுப்பி இடம் மாற்றினால்? முன்னால் போய், இரண்டு பக்கமும் வேறு டிபார்ட்மெண்ட் ஆட்கள் இருக்கிற ஓர் இடமாகத் தேடி, அங்கிருப்பவரிடம், கொஞ்சம் எழுந்து இங்கே வருகிறீர்களா என்று கேட்டு, அப்படிக் கேட்டால், ஆமாம், கேட்டால் முடியும். வானமாமலை போர்டுக்கு அருகில் வந்து நின்றான். நான் சாக்பீஸை எடுத்து நாலாவது கட்டத்தில் இருந்த பெருக்கல் குறியைக் கையால் அழித்தேன்.